பழைய காரைக் கையைக் கடிக்காமல் இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மாருதி எஸ்டீம் ஒன்றைக் கொஞ்சம் இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் பங்கில், கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில், மெக்கானிக் கடையில் என்று எங்கே நிறுத்தினாலும் ஒரே மாதிரி சந்தேகங்களோடு யாராவது வந்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் பேச்சு அப்படியே இருக்கிறது. 800, ஜென், எஸ்டீம் போன்ற வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பத்மினிக்காரர்களுக்கும் அம்பாசிடர்காரர்களுக்கும் தனியாக ஒரு கேள்வி கீழே உண்டு.

அண்ணா, காரை இறக்கறதுன்னா என்ன பண்றாங்க? சின்ன டயர் போடறதா?

சக்கரம் அப்படியே இருக்கும். பாடிதான் அதை நோக்கிக் கீழே வரும். பாடியின் எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். அதைக் குட்டையாக்கினால் வண்டி இறங்கும். பக்கத்திலேயே இருக்கும் ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஸ்ப்ரிங் ஒருமுறை அமுங்கினால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அதனால் "ஷாக் மாத்தினா வண்டி இறங்குமா" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில்: பெரும்பாலும் இறங்காது.

சின்ன டயராலும் சிறிது இறங்கும். 175/70 ஆர்13 டயரை 175/60 ஆக்கினால் விட்டம் 35 மி.மீ. குறையும், வண்டி 17 மி.மீ. சொச்சம் தாழும். ஆனால் ஸ்பீடோமீட்டர் ஆறு சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும், பள்ளத்தில் ரிம் அடி வாங்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே தெரியும் இடைவெளியோ இன்னும் பெரிதாகிவிடும். இறக்க நினைப்பவர்கள் மறைக்க நினைப்பதே அந்த இடைவெளியைத்தானே.

இது வெறும் ஷோவுக்கா, இல்ல ஓட்டறதுக்கும் நல்லதா?

முக்கால்வாசி ஷோதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டுவதில் கிடைக்கும் லாபம் உண்மை, ஆனால் சின்னது. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. இறக்குவது ஆறு சதவீதம். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை அந்த அளவுதான் குறையும். ஸ்ப்ரிங் கொஞ்சம் விறைப்பதால் வண்டி சட்டென்று திரும்புவது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தில் பாதி, அதே சமயம் மாற்றிய புது ஷாக்காலும் புஷ்ஷாலும் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம்) வந்தது.

எவ்வளவு இறக்கலாம்? நம்ம ஊரு ரோட்டுல ஓட்டணும்ல?

தினமும் ஓட்டும் வண்டிக்கு 25 முதல் 35 மி.மீ. வரை. அதற்கு மேல் போகிறவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் அவர்களுக்கு இந்தப் பக்கம் உதவாது.

இறக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து, நான்கு பக்கமும் எழுதி வையுங்கள். இருபது வருட வண்டியில் நான்கும் ஒன்றாக இருக்காது. டிரைவர் பக்கம் ஏற்கனவே ஒரு சென்டிமீட்டர் அமுங்கியிருக்கும். ஸ்ப்ரிங் தளர்ந்துபோன வண்டியை இன்னும் 35 இறக்கினால், நீங்கள் உண்மையில் இறக்கியது 45 மி.மீ.

வேகத்தடை பற்றிய பயம் பாதி நியாயமானது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. எஸ்டீமின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2365 மி.மீ. அப்படிப்பட்ட தடையின் மீது வண்டி நடுவில் நிற்கும்போது அடிவயிற்றில் கூடுதலாகத் தேவைப்படும் இடைவெளி வெறும் 41 மி.மீ. 800க்கு இன்னும் குறைவு, 35. அடிபடுவது இந்தத் தடைகளில் இல்லை. தெருக்காரர்கள் சேர்ந்து இரண்டு சட்டி சிமென்ட் கலவையைக் குவித்து வைத்தார்களே, அந்தத் தடையில்தான். அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது, குறுக்காக ஏற்றி இறக்க வேண்டியதுதான்.

மொத்தம் எவ்வளவு செலவாகும் சார்? என் பட்ஜெட் ரொம்பக் கம்மி.

ஊருக்கு ஊர் விலை மாறும், அதனால் தொகை சொல்வதைவிட எந்த வரிசையில் செலவழிப்பது என்று சொல்கிறேன். முதலில் நான்கு நல்ல ஷாக். அடுத்து முன்பக்க ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) மேலே பாடியில் பிடிக்கும் மவுண்ட், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் எண்ட். 800, ஜென் என்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷும் சேர்த்து. அதற்கப்புறம்தான் ஸ்ப்ரிங். கடைசியில் வீல் அலைன்மென்ட்டுக்குக் கட்டாயம் பணம் எடுத்து வையுங்கள்.

ஸ்ப்ரிங் வெட்டும் கூலி இந்த மொத்தத்தில் மிகச் சிறிய பகுதி. அதனால்தான் எல்லோரும் அதிலேயே ஆரம்பித்து அதிலேயே முடித்துக்கொள்கிறார்கள். நொந்துபோன புஷ்ஷும் ஒழுகும் ஷாக்கும் இருக்கிற வண்டியை இறக்கினால், ஆறு மாதத்தில் அவை முற்றிலும் போய், "இறக்கினதால கெட்டுச்சு" என்று பேர் வரும். கையில் பணம் குறைவு என்றால் இந்த வருடம் ஷாக்கும் புஷ்ஷும் மட்டும் மாற்றுங்கள், அடுத்த வருடம் இறக்குங்கள். பாதிப் பேர் முதல் வேலை முடிந்ததுமே வண்டி ஓடுகிற அழகைப் பார்த்து இறக்கும் ஆசையை விட்டுவிடுகிறார்கள்.

காயில் ஓவர் போட்டா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடுமாமே?

உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்தான் காயில் ஓவர். நல்லதுதான். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து அரை லட்சத்தைத் தாண்டும். சில பழைய மாருதிகளின் சந்தை விலையே அந்த அளவுதான். நம் பழைய மாடல்களுக்கு நேராகப் பொருந்துவதும் அரிது. வேறு காருக்கு வந்ததை வாங்கி, மவுண்டை லேத்தில் கடைந்து மாட்டுகிறார்கள். இந்தப் பக்கத்தின் தலைப்பில் "கையைக் கடிக்காமல்" என்று இருப்பதால் இதோடு விடுகிறேன்.

ஸ்ப்ரிங்கை வெட்டலாமா கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நிபந்தனையோடு வெட்டலாம். முதல் நிபந்தனை ஸ்ப்ரிங்கின் முனை. கம்பி ஒரே அகலத்தில் சுற்றிவந்து அப்படியே வெட்டுப்பட்டு முடிகிறதென்றால் அந்த முனையை வெட்டலாம். கடைசிச் சுற்று உள்பக்கமாகக் குறுகி, பன்றிவால் போலச் சுருண்டு முடிந்தால் அந்த முனையைத் தொடக் கூடாது. வெட்டினால் சீட்டில், அதாவது ஸ்ப்ரிங்கின் முனையைத் தாங்கும் கிண்ணத்தில், உட்காராது. கடைசிச் சுற்று தட்டையாகச் சாணை பிடிக்கப்பட்டிருந்தாலும் அதே தடைதான். இரண்டு முனையும் அப்படி இருந்தால் வெட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

வெட்டினால் ஸ்ப்ரிங் குட்டையாவதோடு விறைப்பும் கூடும். இது பலருக்குத் தெரியாது. எடை எல்லாச் சுற்றுகளிலும் பகிர்ந்து அமுங்குகிறது. சுற்று குறைந்தால் அமுங்குவதற்கு இருக்கும் கம்பி குறைகிறது. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்று போனால் விறைப்பு ஐந்துக்கு ஆறு என்று ஏறும், அதாவது இருபது சதவீதம். அந்த அளவு நல்லதுதான், ஏனென்றால் இறக்கிய வண்டிக்கு மேலும் கீழும் ஆட இடம் குறைவு. இரண்டரைச் சுற்று வெட்டியவர்களின் வண்டி கட்டை வண்டியாக மாறுவதும் இதே கணக்கில்தான்.

எத்தனை சுத்து வெட்டினா எவ்வளவு இறங்கும்?

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போது, குனிந்து, பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். ஒரு சுற்று வெட்டினால் ஸ்ட்ரட் வகை முன்பக்கத்தில் வண்டி ஏறக்குறைய அவ்வளவே இறங்கும்.

ஏன் என்றால் கணக்கு இப்படி. ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ. ஸ்ப்ரிங் வெறுமனே 330 மி.மீ. நீளம், ஆறு சுற்று, ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும். வண்டியில் மாட்டினால் 125 அமுங்கி 205 மி.மீ. ஆக நிற்கும். ஒரு சுற்றை வெட்டினால் நீளம் 275, விறைப்பு 2.4. இப்போது 104தான் அமுங்கும், 171இல் நிற்கும். இறங்கியது 34 மி.மீ. முன்பு நின்ற 205ஐ ஆறால் வகுத்தாலும் அதே 34. வெளியே கழற்றி வைத்த ஸ்ப்ரிங்கில் சுற்றுக்குச் சுற்று 55 மி.மீ. இருந்தது. அதைப் பார்த்து "ஒரு சுத்துக்கு அம்பத்தஞ்சு இறங்கும்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய உண்டு.

பின்பக்கத்தில் ஸ்ப்ரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் ஆர்மின் நடுவில் உட்காரும் வண்டி என்றால், சக்கரத்தில் இறக்கம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் அங்கே அரைச் சுற்றில் தொடங்குங்கள். ஆனால் மேல் சீட், கீழ் சீட் இரண்டிலும் கம்பி முனை முட்டி நிற்கப் படி இருந்தால் அரைச் சுற்று பொருந்தாது, முழுச் சுற்றுதான். அப்படியானால் பின்பக்கம் வெட்டாமல் வேறு வழி பாருங்கள். வலது இடது இரண்டையும் பக்கத்தில் வைத்து, சாக்பீஸில் குறி போட்டு, ஒரே இடத்தில் வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எங்க மெக்கானிக் கேஸ் கட்டிங்ல ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடலாம்கிறார். கழட்டவே வேண்டாமாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்ப்ரிங் கம்பி, சூடேற்றி எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்திய எஃகு. அந்தப் பதம்தான் அதன் உயிர். கேஸ் தீ பட்ட இடத்தில் கம்பி செக்கச் சிவந்துவிடும், பதம் போய்விடும். ஒரு இடத்தில் மெத்தென்று ஆகி அமுங்கும், இன்னொரு இடத்தில் நொறுங்கும் தன்மை வந்து சில மாதம் கழித்து உடையும். ஸ்ட்ரட்டில் உடைந்த ஸ்ப்ரிங்கின் முனை டயரின் உள்பக்கத்தைக் கிழிக்கும்.

வண்டியிலிருந்து கழற்றி, ஆங்கிள் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் போட்டு, விட்டுவிட்டு வெட்ட வேண்டும். வெட்டிய முனையைத் தொட்டால் சுடலாம், ஆனால் கம்பி நீலம் பாய்ந்து நிறம் மாறியது முனையில் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்க வேண்டும். பிசிரை அரத்தால் தேய்த்து, உடனே பெயிண்ட் அடியுங்கள். ஸ்ப்ரிங்கில் விரிசல் பெரும்பாலும் துருப் புள்ளியில்தான் பிறக்கிறது.

வெட்டாம லேசா சூடு காட்டி உக்கார வச்சா?

மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், இன்னும் மோசமாக. எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு சக்கரமும் நான்கு உயரம்.

ஜாக்கி போட்டு இறக்குனா 'டக்'னு சத்தம் வருது. ஸ்ப்ரிங் கைல ஆடுது.

குட்டையாக்கிய ஸ்ப்ரிங்கில் கட்டாயம் பார்க்க வேண்டியது இதுதான். ஜாக்கி போட்டுச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்ப்ரிங் மேலும் கீழும் சீட்டை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கையால் திருக வந்தாலே தவறு. வேகமாகப் போய் ஒரு மேட்டில் சக்கரம் தொங்கும் நொடியில் ஸ்ப்ரிங் இடம் மாறி, திரும்ப அமரும்போது சீட்டை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் தனித்தனியாக இருக்கும் பின்பக்கத்தில் இது இன்னும் ஆபத்து, அங்கே ஸ்ப்ரிங் கழன்று வெளியே விழவும் வாய்ப்பு உண்டு.

கம்பியால் கட்டி வைப்பதும், சீட்டுக்கு அடியில் பழைய டியூபை மடித்துச் செருகுவதும் தீர்வாகாது. நீளம் குறைந்த ஷாக் போட்டால் சக்கரம் அவ்வளவு தூரம் தொங்காது, ஸ்ப்ரிங் இறுக்கமாக நிற்கும். அது கிடைக்காவிட்டால் நீங்கள் அதிகமாக வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். வேறு ஸ்ப்ரிங் தேடுங்கள்.

சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில வேற கார் ஸ்ப்ரிங் சல்லிசா கிடைக்குது. போட்டுக்கலாமா?

வெட்டுவதைவிட இது எனக்குப் பிடித்த வழி. ஆனால் வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) கையில் இல்லாமல் போகாதீர்கள். கம்பியின் தடிமன், சுற்றின் வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, முனைகளின் வடிவம் நான்கையும் உங்கள் ஸ்ப்ரிங்கோடு ஒப்பிட வேண்டும். தடிமனில் அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மி.மீ. கம்பிக்கும் 12.5 மி.மீ. கம்பிக்கும் மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் பதினெட்டு சதவீதம் வித்தியாசம்.

டீசல் எஸ்டீமோ டீசல் ஜென்னோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். அந்த வண்டிகளில் இருப்பது பெஜோவின் 1.5 லிட்டர் இன்ஜின், பெட்ரோல் இன்ஜினைவிடக் கனம். அதே மாடலின் பெட்ரோல் முன் ஸ்ப்ரிங்கைப் போட்டால் வெட்டாமலே மூக்கு இறங்கும். ஆனால் மென்மையாகவும் ஆகிவிடும், பள்ளத்தில் தட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக, பெட்ரோல் வண்டியில் டீசல் ஸ்ப்ரிங் போட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். ஒன்றில்லை.

ஸ்ப்ரிங் பட்டறையில புதுசாவே சுத்தித் தர்றாங்களே, அது எப்படி?

நல்ல பட்டறை என்றால் இதுவரை சொன்ன வழிகளில் இதுதான் சிறந்தது. ஆனால் "இதே மாதிரி, ஒரு இன்ச் குட்டையா" என்று மட்டும் சொல்லி வராதீர்கள். குட்டையாகவும் பழைய விறைப்பிலும் செய்தால் அடியில் தட்டும். விறைப்பு பதினைந்து, இருபது சதவீதம் கூட வேண்டும் என்று சொல்லுங்கள்.

என்ன கம்பி என்று கேளுங்கள். இ.என். 45 என்ற சிலிக்கான் மாங்கனீஸ் எஃகு நம் ஊரில் சாதாரணமாகக் கிடைப்பது, அல்லது குரோம் வனேடியம். சுற்றியபின் பதப்படுத்துகிறார்களா, முழுதாகப் பலமுறை அமுக்கி விடுகிறார்களா என்பதும் முக்கியம். அப்படி அமுக்காத புது ஸ்ப்ரிங் ஒரு மாதத்தில் தானாகவே இன்னும் சில மி.மீ. உட்கார்ந்துவிடும். "அதெல்லாம் எதுக்கு சார்" என்ற பதில் வந்தால் வேறு பட்டறை.

பழைய ஷாக்கே ஓடுதே, அதையும் மாத்தணுமா?

மட்கார்டை அழுத்தி விடுங்கள். மேலே வந்து அப்படியே நின்றால் சரி, இன்னொரு முறை ஆடினால் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்ப் பசையில் மண் ஒட்டியிருந்தாலும் போய்விட்டது. இறக்கிய வண்டியில் ஷாக்கின் பிஸ்டன் எப்போதும் பழைய இடத்துக்குக் கீழேயே வேலை செய்யும். அதனால் அடி தட்டும் தூரம் குறைவு, ஸ்ப்ரிங்கின் விறைப்பும் அதிகம். சீல் மாற்றி எண்ணெய் ஊற்றி ரீகண்டிஷன் செய்தது சாதாரண வண்டிக்கு ஓரளவு ஓடும், இதற்கு ஓடாது.

பம்ப் ஸ்டாப்பைக் கழட்டிட்டா இடம் கிடைக்கும்ல?

ஷாக்கின் கம்பியில் மாட்டியிருக்கும் அந்த ரப்பர் கடைசித் தடுப்பு. அதை எடுத்தால் இரும்பு இரும்போடு மோதும். ஷாக்கின் வால்வு, ஸ்ட்ரட் மவுண்ட், பாடியின் மேல் டவர் மூன்றும் வாங்கும். பல பழைய வண்டிகளில் அந்த டவர் உள்ளே துருப்பிடித்திருக்கும். இறக்கிய அளவில் பாதிக்கு மேல் போகாமல் ரப்பரின் நீளத்தைக் கத்தியால் குறைக்கலாம். அவ்வளவுதான்.

என்கிட்ட இருக்கறது பத்மினி. மாமா அம்பாசிடர் வச்சிருக்கார். அதுக்கெல்லாம் எப்படி?

பத்மினிக்கு முன்னால் காயில் எனும் சுருள் ஸ்ப்ரிங், பின்னால் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்ப்ரிங். முன் காயில் கீழ் ஆர்மின் உள்பக்கமாக உட்கார்ந்திருப்பதால், ஸ்ப்ரிங்கில் 10 மி.மீ. என்றால் சக்கரத்தில் அதைவிட நிறைய. கால் சுற்று, அரைச் சுற்று என்றுதான் போக வேண்டும். அம்பாசிடரில் முன்னால் காயிலே கிடையாது, நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பி. அதன் முனையில் இருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினால் உயரம் மாறும். எதையும் வெட்ட வேண்டாம், திரும்ப ஏற்றவும் செய்யலாம். மாமா கொடுத்துவைத்தவர்.

பின்பக்கப் பட்டையில் ஒரு பட்டையை உருவிவிடுவது கிராமத்து வைத்தியம். வண்டி இறங்கும், மீதிப் பட்டைகள் அதிகச் சுமை தாங்கி ஒருநாள் முறியும். பட்டை அடிக்கும் கடையில் கொடுத்து வளைவைக் குறைத்து வாங்குவது மேல். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கும் வழியும் உண்டு, ஆனால் அதற்குப் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே போக வேண்டும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் கட்டை வைத்தால் பின்பக்கம் உயரும். இதைக் குனிந்து பார்க்காமல் கட்டையை வாங்கிவிடாதீர்கள்.

இறக்கின ரெண்டு மாசத்துல முன் டயர் உள்பக்கம் மொட்டையாயிடுச்சு.

அலைன்மென்ட் செய்யவில்லை, அல்லது இறக்கிய அன்றே செய்துவிட்டீர்கள். ஸ்ப்ரிங் உட்கார நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அப்புறம் செய்ய வேண்டும். வண்டி இறங்கும்போது லோயர் ஆர்மும் டை ராடும் கோணம் மாறுகின்றன. இரண்டின் நீளமும் ஒன்றாக இல்லாததால் சக்கரத்தின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறிவிடும். டயரை வேகமாகத் தின்பது டோதான். சக்கரம் உள்ளே சாயும் கேம்பர் 30 மி.மீ.க்குள் சிறிதளவே மாறும், அதனால் மட்டும் இரண்டு மாதத்தில் டயர் போகாது. டோவைச் சரிசெய்ய டை ராடைத் திருகினால் போதும்.

800, ஜென் வண்டிகளில் பின் ஆக்ஸில் ஒரே துண்டு, அதைப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு ராட். இறக்கினால் ஆக்ஸில் சில மி.மீ. ஒரு பக்கம் நகரும். ஒரு பின் டயர் மட்கார்டில் உரசி மற்றது உரசாவிட்டால் காரணம் இதுதான்.

இறக்கியும் வளைவுல முன்னைவிடச் சாயற மாதிரி இருக்கே?

கற்பனை இல்லை, நடக்கக்கூடியதுதான். வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஸ்ட்ரட் வகை வண்டிகளில் லோயர் ஆர்மின் கோணத்தைப் பொறுத்தது. வண்டியை 30 மி.மீ. இறக்கினால் ஈர்ப்பு மையம் 30 இறங்கும், அந்தச் சாய்வுப் புள்ளியோ அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடிவிடுவதால், அதே விறைப்புள்ள ஸ்ப்ரிங்கில் வண்டி கூடுதலாகச் சாயும். பட்டறையில் விறைப்பைக் கூட்டச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டதா என்று பக்கவாட்டில் பாருங்கள். போயிருந்தால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

மழைல பிரேக் போட்டா பின்னாடி இழுத்துட்டுப் போகுது. முன்னாடி இப்படி இல்ல.

முதலில் பின் பிரேக்கையும் டயரையும் பாருங்கள். அதில் குறை இல்லையென்றால் கீழே குனிந்து, பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சின்ன ஸ்ப்ரிங்கோ ராடோ பிரேக் வால்வு ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். சில கார்களில் இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் ஆள் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும் வால்வு அது. நீங்கள் இறக்கிவிட்டதால் காலி வண்டியிலும் ஐந்து பேர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. புது உயரத்துக்கு ஏற்ப அதன் ராடைச் சரிசெய்ய வேண்டும். ஓட்டும்போது தெரியாத, ஒரே ஒரு நாள் மட்டும் தெரியும் குறை இது.

ஹெட்லைட்டையும் அதே கையோடு பாருங்கள். முன்பக்கம் மட்டும் இறங்கினால் வெளிச்சம் கிட்டத்தில் விழும், பின்பக்கம் மட்டும் இறங்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

குடும்பத்தோட ஊருக்குப் போகணும், டிக்கில கேஸ் சிலிண்டர் வேற இருக்கு. தாங்குமா?

எல்.பி.ஜி. கிட் மாட்டிய வண்டியின் பின்பக்கம் ஏற்கனவே இறங்கியிருக்கும். அதைத் தனியாக அளந்துகொண்டு, முன்பக்கத்தை மட்டும் அதற்குச் சமமாக இறக்கினால் போதும். பொதுவாகவே முன்னால் 30 என்றால் பின்னால் 20 போதும் என்பது என் கட்சி. ஆளும் சாமானும் ஏறுவது பின்னால்தான்.

ஸ்ட்ரட்டை நானே வீட்ல கழட்டலாமா? யூடியூப்ல பாத்துட்டேன்.

ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றும் வரை செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். ஆனால் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் திறக்கும் முன் ஸ்ப்ரிங் கம்ப்ரசர் இரண்டு பக்கமும் எதிரெதிரே பிடித்திருக்க வேண்டும். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்ப்ரிங் நூறு கிலோவுக்கு மேல் விசையோடு காத்திருக்கிறது. மேல் நட்டு கழன்றதும் அது போகும் வழியில் முகமோ கையோ இருக்கக் கூடாது. கயிறு, பைக் செயின் என்று கட்டி அமுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரசர் இல்லையென்றால் கழற்றிய ஸ்ட்ரட்டை ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், இரண்டு நட்டுக்கு வாங்கும் கூலி பெரிதில்லை.

போலீஸ் பிடிச்சா? ஆர்.சி. ரெனியூவல்ல பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆர்.சி.யில் உயரம் எழுதப்படுவதில்லை, அதனால் ஸ்ப்ரிங் இதில் வராது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை ரோட்டில் நின்று ஆய்வாளரிடம் செய்து பார்க்க நான் சொல்ல மாட்டேன்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது நேரில் காட்ட வேண்டும். தளர்ந்த ஸ்ப்ரிங், உரசும் டயர், வெட்டுத் தெரியும் முனை எல்லாம் அங்கே கண்ணில் படும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பின் க்ளெய்மில் அதைக் காரணம் காட்ட இடமிருக்கிறது.

பிடிக்கலன்னா திரும்ப ஏத்திக்கலாமா?

பழைய ஸ்ப்ரிங் கையில் இருந்தால் ஏற்றலாம். அதனால் வண்டியோடு வந்ததை வெட்டாமல், பழைய கடையில் இன்னொரு செட் வாங்கி அதை வெட்டுங்கள். கம்பெனி ஸ்ப்ரிங்கை எண்ணெய் தடவி, எது இடது எது வலது என்று பெயிண்டில் எழுதிப் பரணில் போடுங்கள். எழுதாமல் போட்டவர்கள் அப்புறம் நான்கையும் தரையில் பரப்பி வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.